சன்ஷைன் என்பது வெயிலா?

ஞாயிறு ஒன்றே. லண்டன் மாநகரின் மேல் எழுவதும் அதுவே. கோலாலம்பூரின் மேல் எழுவதும் அதுவே. ஆயினும், அதன் ஒளியைக் குறிக்க மக்கள் வழங்கும் சொற்கள் எல்லா நாட்டிலும் ஒரே பொருளைத் தருவன அல்ல. அகராதியைப் புரட்டினால், 'சன்ஷைன்' என்னும் ஆங்கிலச் சொல்லுக்கு நேரே 'வெயில்', 'சூரிய ஒளி' எனப் பொருள் கண்டிருக்கும். மாணவர் அதனை மனனம் செய்துகொள்வர். ஆசிரியரும் சரியெனக் குறியிட்டு அடுத்த சொல்லுக்குச் செல்வர். சொல்லுக்குச் சொல் கிடைத்துவிட்டது. பொருளுக்குப் பொருள் கிடைத்ததா என்பதை எண்ணிப் பார்ப்பார் சிலரே. அதனை எண்ணிப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

இவ்வெண்ணம் எனக்குத் தோன்றியதற்கு ஒரு மாணவியே காரணம். பல ஆண்டுகளுக்கு முன் ஆறாம் ஆண்டு மாணவர்க்கு 'என் தாய்' என்னும் தலைப்பில் கட்டுரை எழுதப் பணித்திருந்தேன். அவள், 'என் அம்மா எங்கள் வீட்டின் வெயில்' என்று எழுதியிருந்தாள். நான் அத்தொடரின் கீழ்ச் சிவப்பு மையால் கோடிட்டேன். ஓரத்தில், 'தாயை வெயில் என்பதா?' என்றும் எழுதினேன். வகுப்பில் அதனை உரக்கப் படித்தபோது மாணவர் சிரித்தனர், நானும் சிரித்தேன். அச்சிறுமி தலைகுனிந்து அமர்ந்திருந்தாள். அவ்வாரத்து ஆங்கிலப் பாடத்தில் வீட்டிற்கு மகிழ்ச்சி தரும் பிள்ளையைச் 'சன்ஷைன்' என்று அழைக்கும் ஒரு பகுதி இடம் பெற்றிருந்தது என்பதைப் பின்னரே அறிந்தேன். அவள் அகராதியை நம்பினாள். அகராதி அவளைக் கைவிட்டது. அதனை விளக்கியிருக்க வேண்டிய ஆசிரியனாகிய நானும் கைவிட்டேன்.

வடபுலத்து ஞாயிறு

ஆங்கிலம் பிறந்து வளர்ந்த நிலம் நிலநடுக்கோட்டிற்கு வெகு வடக்கே உள்ளது. லண்டன் ஏறத்தாழ 51 பாகை வட அகலக்கோட்டில் அமைந்த நகரம். டிசம்பர்த் திங்களின் இறுதியில் அங்கே பகற்பொழுது ஏறத்தாழ எட்டு மணி நேரமே. அந்த எட்டு மணி நேரத்திலும் முகில் மூடிய வானமே பெரும்பாலும் காட்சி தரும். ஜூன் திங்களிலோ பகல் பதினாறு மணி நேரத்திற்கும் மேல் நீளும். ஆண்டின் ஒரு பாதியில் ஒளிக்கு ஏங்கி, மறு பாதியில் அதனை விருந்தினரைப் போல் வரவேற்கும் மக்கள் வழங்கிய மொழி ஆங்கிலம். நமது கோலாலம்பூரோ ஏறத்தாழ 3 பாகையில் உள்ளது. இங்கே ஆண்டு முழுவதும் பகல் ஏறக்குறையப் பன்னிரண்டு மணி நேரம். ஞாயிறு நமக்கு விருந்தினர் அல்லர். நாள்தோறும் வரும் மேற்பார்வையாளர்.

இவ்வேறுபாட்டை நினைவிற் கொண்டு ஆங்கிலத்தாரின் அன்றாட வழக்கை நோக்கினால், அவர்தம் சொற்களின் உட்பொருள் விளங்கும். இன்முகமும் மகிழ்ச்சியும் உடையவரை அவர்கள் 'சன்னி' என்னும் அடைமொழியால் போற்றுவர். எதிலும் நன்மையையே காண்பவர் ஞாயிற்றின் பக்கத்தைக் காண்பவர் ஆவார். மஞ்சள் கரு உடையாமல் மேல்நோக்கி இருக்கப் பொரித்த முட்டைக்கும் ஞாயிற்றின் பெயரே கிட்டியது. வில்லியம் லீவர் என்பார் 1884-ஆம் ஆண்டில் தாம் விற்ற சலவைச் சோப்புக்குச் 'சன்லைட்' என்று பெயர் சூட்டினார். 1888-ஆம் ஆண்டில் லிவர்பூல் நகருக்கு அருகே தம் தொழிலாளர்க்கென அவர் எழுப்பத் தொடங்கிய குடியிருப்பும் 'போர்ட் சன்லைட்' என்னும் பெயரையே பெற்றது. தூய்மை, நலம், மகிழ்ச்சி ஆகிய மூன்றையும் ஒரு சொல்லால் உணர்த்த விரும்பிய வணிகர்க்கு அச்சொல்லினும் ஏற்றது வேறில்லை.

இதன் மறுபக்கத்தையும் காணவேண்டும். ஒளிக்கு ஏங்கும் மொழியில் முகிலும் மழையும் நிழலும் இழிவடைந்து நிற்கின்றன. ஐயத்திற்கு ஆளானவர் ஆங்கிலத்தில் முகிலின் கீழ் இருக்கிறார். துன்பக் காலத்திற்கெனப் பொருள் சேர்ப்பவர் மழைநாளுக்குச் சேர்க்கிறார். பெரியார் ஒருவரின் நிழலில் வளர்ந்தார் என்றால், அவர் புகழ் மங்கிக் கிடந்தார் என்பது பொருள். நிலவுக்கும் அங்கே நற்பேறு இல்லை. 'மூன்ஷைன்' என்பது பொருளற்ற பேச்சையும் கள்ளச் சாராயத்தையும் குறிக்கும். பித்தரைக் குறிக்கும் 'லுனாடிக்' என்னும் சொல்லும் நிலவைக் குறிக்கும் இலத்தீன் சொல்லிலிருந்தே பிறந்தது.

ஆயினும், ஆங்கிலத்தார் ஒளியை எப்போதும் புகழ்வர் என்று கருதுவது பிழை. கண்ணைக் கூசச்செய்யும் ஒளிக்குக் 'க்ளேர்' என்பர். சினந்து உறுத்துப் பார்ப்பதற்கும் அதே சொல்தான். ஒருவரை அடக்கிப் பேசும்போது, 'சன்ஷைன்' என்று விளித்து எள்ளுவதும் அந்நாட்டுப் பேச்சு வழக்கில் உண்டு. அங்கே அது வாழ்த்தன்று, எச்சரிக்கை. எனவே, ஒரு சொல்லின் பொருளை அகராதியில் மட்டுமன்றிப் பேசுவோரின் முகத்திலும் பார்த்தல் வேண்டும்.

தமிழின் தீர்ப்பு

இனித் தமிழுக்கு வருவோம். ஞாயிற்றைத் தமிழர் போற்றாதவர் அல்லர். தைத் திங்களின் முதல் நாளில் புதுப்பானையில் பொங்கலிட்டு அதனை வணங்குகிறோம். ஆனால், நாம் வணங்குவது ஞாயிற்றை, வெயிலை அன்று. ஞாயிறு வேறு, கதிர் வேறு, ஒளி வேறு, வெயில் வேறு என நம் மொழி நுட்பமாகப் பிரித்து வைத்துள்ளது. ஞாயிறு தெய்வம், ஒளி அறிவு, வெயிலோ உடலின் மேல் விழும் வெம்மை. வெயில் 'அடிக்கிறது', 'கொளுத்துகிறது', 'சுடுகிறது' என்று நாம் சொல்கிறோம். வெயிலுக்கு நாம் கொடுத்த வினைச்சொற்களே அதன்பால் நாம் கொண்ட கருத்தைக் காட்டிவிடுகின்றன.

இலக்கியமும் இதற்குச் சான்று பகர்கிறது. பிரிவின் துயரைப் பாடும் பாலைத் திணைக்கு வேனிலையும் நண்பகலையும் தொல்காப்பியம் பொழுதாக வகுத்தது. அன்பில்லாதவரை அறம் வருத்துவதற்கு உவமை தேடிய வள்ளுவர், 77-ஆம் குறளில், எலும்பில்லாத உயிரை வருத்தும் வெயிலையே எடுத்துக்காட்டினார். சிலப்பதிகாரத்தின் மங்கல வாழ்த்தில் முதலிடம் பெற்றது திங்கள். ஞாயிறு அதன் பின்னரே வருகிறது. சோழனின் குளிர்ந்த வெண்குடைக்குத் திங்கள் ஒப்பாக நின்றது. நல்லரசனின் ஆட்சியைக் 'குடைநிழல்' என்றும், இறைவன் அருளைத் 'திருவடி நிழல்' என்றும் கூறுவது நம் மரபு. ஆங்கிலத்தில் ஒருவரை மங்கச்செய்யும் நிழல் தமிழில் அவரைக் காக்கிறது. முகிலோ ஐயத்தின் அறிகுறியன்று. கைம்மாறு கருதாத வள்ளலுக்கு உவமை. பிள்ளைத்தமிழ் பாடிய புலவர் குழந்தையோடு விளையாட அழைத்ததும் அம்புலியைத்தான்.

நான் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் பயின்ற நாளில் ஷேக்ஸ்பியரின் 18-ஆம் சானெட்டைப் படித்தேன். 1609-ஆம் ஆண்டில் அச்சேறிய தொகுதியில் உள்ள பாடல் அது. கவிஞர் தம் அன்புக்குரியவரைக் கோடைநாளோடு ஒப்பிட்டு எண்ணுகிறார். 'கோடைநாள் என்பது புகழ்ச்சியா?' என்று எனக்குள் வியந்தேன். கோடை என்றவுடன் வறண்ட கிணறும் வெடித்த நிலமுமே தமிழ் நூல்களைப் பயின்ற என் உள்ளத்தில் எழுந்தன. ஆங்கிலத்தாரின் கோடை வேறு என்பதை அறிந்த பிறகே பாடலின் இனிமை புலப்பட்டது. சொற்களை எல்லாம் அறிந்திருந்தும் பாடலை அறியாதிருந்தேன்.

மொழிபெயர்ப்பில் வெற்றி பெற்ற ஒரு பழமொழியை இங்கே நினைவுகூர்வது தகும். ஞாயிறு காயும்போதே வைக்கோலை உலர்த்திக்கொள் என்பது ஆங்கிலப் பழமொழி. ஜான் ஹேவுட் 1546-ஆம் ஆண்டில் வெளியிட்ட தொகுப்பிலேயே இது காணப்படுகிறது. நாம் இதற்கு ஈடாகக் கற்பிப்பது, 'காற்றுள்ளபோதே தூற்றிக்கொள்' என்பதாகும். இவ்விரண்டும் ஒன்றெனப் பலமுறை கற்பித்திருக்கிறோம். ஏன் ஒன்று என எண்ணியதில்லை. ஆங்கில உழவனுக்கு அரிது வெயில். அவன் அதற்காகக் காத்திருக்கிறான். தமிழ் உழவனுக்கு வெயில் அரிதன்று. களத்தில் நெல்லைத் தூற்ற அவன் காற்றுக்குக் காத்திருக்கிறான். வெயிலைக் காற்றாக மாற்றியதால்தான் பொருள் மாறாமல் நின்றது. வெயில் உள்ளபோதே உலர்த்திக்கொள் என்று எழுதியிருந்தால் சொல் வந்திருக்கும். தவறவிட்டால் மீண்டும் கிட்டாது என்னும் அச்சம் வந்திராது.

கதிர்கள் பிறந்த இடம்

ஒளி பரவுவதைக் குறிக்கும் சொற்களிலும் இத்தகைய நுட்பம் உண்டு. ஒளிக்கற்றையைக் குறிக்கும் 'பீம்' என்னும் ஆங்கிலச் சொல் பழங்காலத்தில் மரத்தைக் குறித்தது. கூரையைத் தாங்கும் உத்தரத்திற்கு அப்பெயர் இன்றும் வழங்குகிறது. கதிரைக் குறிக்கும் 'ரே' என்பதும், ஒளிர்வதைக் குறிக்கும் 'ரேடியன்ட்' என்பதும், 'ரேடியஸ்' என்னும் இலத்தீன் மூலத்தைச் சேர்ந்தவை. அம்மூலம் சக்கரத்தின் ஆரக்காலைக் குறிக்கும். கியூரி இணையர் 1898-ஆம் ஆண்டில் கண்டறிந்த ரேடியமும், நம் வீடுகளில் பாடிய ரேடியோவும் அக்குடும்பத்தைச் சேர்ந்தவையே. கணிதப் பாடத்தில் வட்டத்தின் 'ஆரம்' என்று நாம் கற்பிக்கும் சொல்லும் அதே ஆரக்காலிலிருந்து வந்ததுதான். ஒளியை நடுவிலிருந்து நாற்புறமும் நீளும் ஆரக்கால்களாகக் கண்டனர் மேலைநாட்டார்.

தமிழில் 'கதிர்' என்னும் சொல் ஞாயிற்றின் கதிரையும் குறிக்கும், நெற்கதிரையும் குறிக்கும், நூல் நூற்கும் கருவியையும் குறிக்கும். ஒருபுறம் மரமும் சக்கரமும். மறுபுறம் நெல்லும் நூலும். நுண்மையான ஒளியை, கையில் பற்றியறிந்த பொருளைக் கொண்டே இரு மொழியினரும் குறிப்பிட்டனர். 'கதிர்வீச்சு', 'கதிரியக்கம்' என்று அறிவியல் பாடத்தில் கற்பிக்கும்போது, வயலில் முற்றிய நெற்கதிரின் கூர்மையை மாணவர்க்கு நினைவூட்டினால் அச்சொற்கள் உயிர்பெறும்.

எனினும், ஒளிச்சொற்களை மக்கள் மனத்தின் மேல் ஏற்றி வழங்கும்போது மீண்டும் வழிகள் பிரிகின்றன. மகிழ்ச்சியால் முகம் விரியச் சிரிப்பதற்கு ஆங்கிலத்தில் 'பீம்' என்றே வினைச்சொல் உண்டு. அதனைக் 'கதிர் வீசினாள்' என்று எழுதிய மாணவரை நான் கண்டதுண்டு. தமிழில் முகம் கதிர் வீசுவதில்லை, மலர்கிறது. கூர்த்த அறிவுடைய மாணவனை ஆங்கிலம் ஒளியுடையவன் என்கிறது. தமிழ் அவனைக் கூரிய அறிவினன் என்கிறது. 'பிரில்லியன்ட்' என்பது மின்னும் வைரத்திற்குரிய சொல். இன்று இங்கிலாந்து மக்கள், 'நல்லது, சரி' என்று கூறவேண்டிய சிறு செய்திக்கும் அதனைப் பயன்படுத்துவர். அவ்விடங்களில் 'அற்புதமான ஒளி' என்று மொழிபெயர்ப்பது நகைப்பிற்கே இடமாகும்.

அவ்வாறாயின், ஒளியைப் பற்றிய ஆங்கில வழக்கு எதுவும் தமிழுக்கு வரலாகாதா? வரலாம், வந்தும் உள்ளன. 'ஒளிமிக்க எதிர்காலம்' என்னும் தொடரில் நமக்கு எவ்வித உறுத்தலும் இல்லை. அறிவுக்கும் நன்மைக்கும் ஒளியை உவமையாகக் கூறுவது நம் மரபிலும் உள்ளதே அதற்குக் காரணம். ஆனால், 'சூடான வரவேற்பு' என்றால் விருந்தினர் அஞ்சுவர். நம்மவர்க்கு உள்ளம் குளிரவேண்டும், கண் குளிரவேண்டும். நான் கண்ட அளவில் ஒரு விதியைக் கூறலாம்: ஒளி மொழிகளின் எல்லையைக் கடந்துவரும், வெம்மை பெரும்பாலும் எல்லையிலேயே நின்றுவிடும். இற்றைநாளில் நம் கவிஞர் சிலர் 'சூரியப் புன்னகை', 'வெயில் மனிதர்' என்று எழுதும்போது இவ்வேறுபாட்டை எண்ணிப் பார்த்தல் நலம். புதுமை வேண்டாமென்று சொல்லவில்லை. 'இளவெயில்', 'மாலை வெயில்' போன்ற இனிய சொற்கள் நம்மிடம் இருக்கின்றன. 'வெயில் காய்தல்' என்னும் இன்பமும் நம் வழக்கில் உண்டு. அவற்றின் வழியே புதுமை செய்யலாம்.

மாணவன் புகட்டிய பாடம்

இவ்வளவும் கண்டறிந்த பின் என் உள்ளத்தில் சிறிது செருக்கு முளைத்தது. தோட்டப்புறப் பள்ளி ஒன்றில் பணியாற்றியபோது, ஆங்கிலத்தின் மழைநாள் வழக்கை வகுப்பில் விளக்கினேன். "குளிர்நாட்டாருக்கு மழை துன்பம், ஆகவே துன்பக் காலத்தை மழைநாள் என்றார்கள். தமிழருக்கு மழை அமிழ்தம். எனவே, இவ்வழக்கு நமக்குப் பொருந்தாது," என்று முடித்தேன்.

பின்வரிசையில் இருந்த ஒரு மாணவன் எழுந்தான். "பொருந்தும், ஐயா. மழை பெஞ்சா அம்மாவுக்கு வேலை இல்லை," என்றான்.

நான் வாயடைத்து நின்றேன். நானும் தோட்டத்தில் பிறந்தவன்தான். என் தாயாரும் பால்மரம் சீவியவர்தாம். இருள் பிரியுமுன் பெரட்டுக்குச் சென்று, குளிர்ந்த விடியலில் மரம் சீவுவார். அந்நேரத்தில்தான் பால் நன்கு வடியும். வெயில் ஏற ஏறப் பால் குறையும். மழை பெய்தாலோ பட்டை நனைந்து பால் வழிந்தோடும். மங்கில் மழைநீர் நிறையும். அன்றைக்கு வேலையில்லை, வேலையில்லையேல் நாட்கூலியும் இல்லை. கூரையில் மழை ஒலி கேட்ட விடியற்காலைகளில் என் தாயார் அடுப்பங்கரையில் பேசாமல் அமர்ந்திருந்த காட்சி அப்போது என் கண்முன் நின்றது. அதனை மறந்துவிட்டு, நூலில் படித்த உழவனின் மழையை அம்மாணவர்க்கு நான் கற்பித்துக்கொண்டிருந்தேன்.

குடையின் கதையும் இதனையே உணர்த்துகிறது. ஆங்கிலத்தின் 'அம்ப்ரெல்லா' இத்தாலிய மொழியிலிருந்து வந்தது. நிழலைக் குறிக்கும் இலத்தீன் சொல் அதன் வேர். வெயிலுக்கு நிழல் தரப் பிறந்த சொல் இங்கிலாந்தை அடைந்து மழையைத் தடுக்கும் கருவிக்குப் பெயராயிற்று. சொல் பயணம் செய்யும். சென்ற இடத்தின் வானத்திற்கேற்பப் பொருளை மாற்றிக்கொள்ளும். ஆங்கிலச் சொல்லுக்கு இது பொருந்துமாயின், கடல் கடந்து இந்நாட்டிற்கு வந்த தமிழ்ச் சொல்லுக்கும் பொருந்தும் அன்றோ? உழவனின் மழை ஒன்று. பால்மரம் சீவியவரின் மழை மற்றொன்று. சொல்லுக்குப் பொருள் தருவது நிலம் மட்டுமன்று. அந்நிலத்தில் செய்யும் தொழிலுமாகும்.

ஆசிரியர் கடமை

இவற்றிலிருந்து ஆசிரியர் கொள்ளத்தக்க கருத்துகள் இரண்டு. முதலாவது, ஒளியையும் வெம்மையையும் மழையையும் பற்றிய ஆங்கிலச் சொல் ஒன்று பாடத்தில் வரும்போது, 'இதன் தமிழ்ச் சொல் யாது?' என்பதோடு நிறுத்தாமல், 'இச்சொல்லைக் கேட்கும் ஆங்கிலேயர் மகிழ்வாரா, வருந்துவாரா? அதே உணர்வை நமக்குத் தரும் தமிழ்ச்சொல் யாது?' என்றும் வினவவேண்டும். சன்ஷைன் என்பது ஒருவேளை இளவெயில் ஆகலாம். ஒருவேளை மலர்ந்த முகம் ஆகலாம். ஒருவேளை எள்ளல் ஆகலாம். அதனை முடிவு செய்வது இடமும் பேசுவோரும் ஆவர்.

இரண்டாவது, மாணவர் தவறாக எழுதும்போது கோடிடுமுன் காரணம் கேட்கவேண்டும். பிழைபோல் தோன்றும் தொடருக்குள் ஒரு குழந்தை சொல்ல விழைந்த உண்மை மறைந்திருக்கலாம். இலக்கணம் கற்பிப்பது நம் தொழில். கேட்பது அதனினும் முந்திய தொழில்.

'என் அம்மா எங்கள் வீட்டின் வெயில்' என்று எழுதிய மாணவியை இன்று மீண்டும் காண நேருமாயின், நான் கோடிட மாட்டேன். அவளை அருகே அழைத்து, "அம்மா வீட்டில் இருக்கும்போது உனக்கு எப்படி இருக்கும், அம்மா?" என்று கேட்பேன். வெளிச்சமாக இருக்கும் என்று அவள் சொல்லக்கூடும். அப்போது, "நம் தமிழில் வீட்டுக்கு ஒளி தருவதை விளக்கு என்போம். உன் அம்மா உங்கள் வீட்டின் விளக்கு," என்று கூறுவேன். அவள் எழுத விரும்பியது அதுவே. அவளிடம் உணர்வு இருந்தது, சொல் இல்லை. என்னிடம் சொல் இருந்தது. அதனை எடுத்துக் கொடுக்காமல் சிரித்துவிட்டேன்.

அக்குறை வேறோர் ஆசிரியர்க்கு நேராதிருக்கவே இதனை எழுதினேன். பிறமொழிச் சொல்லின் வானத்தை அறிவோம். நம் சொல்லின் வானத்தையும் மறவாதிருப்போம். நம் முன் அமர்ந்திருக்கும் குழந்தையின் வீட்டுக் கூரையின் மேல் உள்ள வானத்தை முதலில் கேட்டறிவோம்.